கைமாறிப் போன ஆட்டக்காரர்களின் கணக்கை எத்தனை ஆண்டு வைத்திருப்பது?

கீழக்கரை நோட்டு:
அனைவருக்கும் ஸலாம். ஹூஸ்டனில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பின்னும் ஆஸ்ட்ரோஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். அங்கே இரவு 7.10-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 5.40-க்கு வருவதால், பஜ்ர் தொழுதுவிட்டுத் தேநீரோடு உட்காரச் சரியாக இருக்கிறது. ஆனால் அணியில் இருப்பவர்களைக் காட்டிலும், அணியை விட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அதற்காக ஒரு நீள நோட்டு வைத்து, இடப்பக்கத்தில் வந்தவர்களையும் வலப்பக்கத்தில் அவர்களுக்காகக் கொடுக்கப்பட்ட இளம் வீரர்களையும் எழுதி வருகிறேன். கடற்காற்றில் நமத்த தாளில் பேனா மை ஊறிவிடுவதால் எல்லாம் பென்சில் எழுத்துதான்.

என் சிக்கல் 2015 ஜூலைப் பக்கத்தில் இருக்கிறது. மில்வாக்கி அணியிடமிருந்து கார்லோஸ் கோமஸ், மைக் ஃபயர்ஸ் ஆகிய இருவரை வாங்க, ஜோஷ் ஹேடர், டொமிங்கோ சன்டானா, பிரெட் ஃபிலிப்ஸ், ஏட்ரியன் ஹவுசர் என நால்வரைக் கொடுத்தார்கள். ஃபயர்ஸ் வந்த அடுத்த மாதமே டாட்ஜர்ஸ் அணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து முதல் தளத்தை எட்டுவது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். கோமஸ் சோபிக்காமல் மறு ஆண்டு ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். ஹேடரோ லீக்கின் தலைசிறந்த குளோசர்களில் (ஆட்டக் கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் பந்துவீச்சாளர்களில்) ஒருவராக வளர்ந்தார். 2024 ஜனவரியில் அதே ஹேடரை ஐந்து ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் கொடுத்து ஆஸ்ட்ரோஸ் திரும்ப எடுத்தபோது, அந்தத் தொகையையும் 2015 பக்கத்தில் நட்டமாக ஏற்றுவதா, வேண்டாமா என்று தெரியாமல் விழிக்கிறேன்.

பாம்பன் பாலத்தடி:
ஏற்ற வேண்டாம், காக்கா (அண்ணா). அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுச் சேவை முடியும்வரை ஓர் ஆட்டக்காரர் அணியின் பிடியில்தான் இருப்பார். அதிலும் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே வாங்குவார். ஆகவே ஓர் இளம் வீரரைக் கொடுப்பது என்றால், அவருடைய வாழ்நாள் ஆட்டத்தையே கொடுப்பது ஆகாது, விலை மலிவான அந்த ஆறு ஆண்டுகளைக் கொடுப்பதுதான். ஹேடர் 2017 ஜூனில் அறிமுகமாகி 2023 முடிவில் விடுதலை பெற்றார். அத்தோடு உங்கள் 2015 பக்கம் முடிந்தது. 2024 ஒப்பந்தம் சந்தை விலைக்கு வாங்கிய புதுச் சரக்கு, அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள்.

மில்வாக்கிக்காரர் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் அவர் பாடுதான் திண்டாட்டம். 2022-இல் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்து வாங்கிய நால்வரில் ஒருவரான எஸ்டியூரி ரூயிஸ், அதே டிசம்பரில் ஓக்லண்டுக்குக் கைமாறினார்; அந்த மூன்று அணி டிரேடில்தான் (வீரர் பரிமாற்றத்தில்தான்) வில்லியம் கான்ட்ரெராஸ் மில்வாக்கிக்கு வந்தார். பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான்: 2013-இல் பட் நோரிஸைப் பால்டிமோருக்குக் கொடுத்தபோது வந்தவர்தானே ஹேடர்! அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

மண்டபம் ஏலக்காரர்:
எங்கள் கரையில் மீனைக் கூறு வைத்து ஏலம் விடும்போது, மேலே கிடக்கும் பெரிய விளைமீனைப் பார்த்துத்தான் விலை ஏறும். அடியில் என்ன கிடக்கிறது என்பது வீட்டுக்குப் போய்க் கொட்டினால்தான் தெரியும். 2019-இல் பந்துவீச்சாளர் ஸாக் கிரெய்ங்கிக்காக அரிசோனாவுக்குக் கொடுத்த நால்வரும் அப்படி ஒரு கூறுதான். கார்பின் மார்ட்டின், புகாஸ்காஸ், சேத் பியர் ஆகிய மூவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் நிலைத்து ஆடியவர், டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில்) 26-ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட ஜோஷ் ரோஹாஸ். 2023-இல் அவரையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அரிசோனா பால் சீவால்டை வாங்கியது. அந்த ஆண்டே லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போனது. எனவே நால்வர் பெயரையும் சம இடம் விட்டு எழுதுங்கள்.

தொண்டி வாசகர்:
நோட்டு வைப்பவர்கள் எல்லோரும், வளர்ந்துவிட்ட பிள்ளையின் பெயரைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். 2017-இல் பந்துவீச்சாளர் வெர்லாண்டருக்காக டெட்ராய்டுக்குப் போன மூவரில் ஃப்ராங்க்ளின் பெரஸ் காயங்களால் மேஜர் லீக்கையே எட்டவில்லை. அவருக்காக யாரும் பக்கம் புரட்டுவதில்லை. வெர்லாண்டர் அந்த ஆண்டே ஆஸ்ட்ரோஸுக்கு முதல் உலகத் தொடர்க் கோப்பையை வாங்கித் தந்தவர்களில் ஒருவர். அந்தக் கோப்பையை எந்தப் பத்தியில், எந்த எண்ணால் எழுதுவது என்பதற்கு ஆறு ஆண்டு விதி பதில் சொல்லாது.

கீழக்கரை நோட்டு:
பாம்பன் தம்பிக்கு நன்றி. நோரிஸ் பக்கம் என் நோட்டில் இல்லவே இல்லை, இன்று சேர்த்துவிட்டேன். ஹேடர் பெயருக்குக் கீழே 2023 என்று எழுதிக் கோடும் இழுத்தாயிற்று. ரோஹாஸுக்கு விட்டிருந்த ஒற்றை வரியைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. தொண்டி அன்பர் சொன்ன கோப்பையை இரு பத்திக்கும் நடுவே, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

2024 டிசம்பரில் கைல் டக்கரைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்த பக்கத்தில் எல்லாம் தலைகீழ். போன டக்கருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆண்டுதான். வந்த மூவரில் கேம் ஸ்மித் என்ற இளைஞர் 2025 தொடக்க ஆட்டத்திலேயே களமிறங்கிவிட்டார். அவருக்கு ஆறு வரி விட்டு வைத்திருக்கிறேன்.