யூஸ்டேஷியன் குழாய் அடைப்பு: எச் 68.10 கொடுத்த க்ளைம் எடிட்டில் நிற்கிறது, உதவி தேவை

புதுக்கோடர்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரின் சார்ட்டில் (நோயாளியின் மருத்துவப் பதிவில்) யூஸ்டேஷியன் குழாய், அதாவது நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழாய், அடைப்பு என்று இருந்ததால் எச் 68.10 என்ற ஐசிடி-10 நோய்க் கோடு கொடுத்தேன். காப்பீட்டு க்ளைம், கோடுகளில் பிழை பார்க்கும் எடிட்டிலேயே நின்றுவிட்டது. மருத்துவர் எழுதியதைத்தான் கோடு செய்திருக்கிறேன். இன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய சார்ட் என்பதால், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
எந்தக் காது? அவுட்பேஷன்ட்டா, இன்பேஷன்ட்டா? நோயாளியின் விவரங்களைத் தவிர்த்துவிட்டு, மருத்துவர் நோயைத் தீர்மானித்து எழுதும் அசெஸ்மென்ட் பகுதியில் உள்ள வரியை மட்டும் அப்படியே எழுதுங்கள். அன்று குழாய்க்குப் பலூன் விரிவாக்கச் சிகிச்சை ஏதும் செய்தார்களா என்பதும் தெரிய வேண்டும். 2021 முதல் அந்தச் சிகிச்சைக்கு சிபிடி கோடு 69705 ஒரு பக்கத்துக்கும் 69706 இரு பக்கத்துக்கும் என்று தனித்தனியாக இருப்பதால், நோயின் கோடு சொல்லும் பக்கமும் சிகிச்சையின் பக்கமும் முரண்பட்டால் அதுவே தனிச் சிக்கலாகிவிடும்.

செவ்வானம்:
என் அனுபவத்தில் மருத்துவர்கள் அடைப்பு என்று எழுதுபவற்றில் பெரும்பாலானவை குழாயின் செயல்பாட்டுக் குறைபாடுதான். அதற்கான எச் 69 வகைக்கு மாற்றிப் பாருங்கள், க்ளைம் போய்விடும்.

பழைய ஆடிட்டர்:
ஐசிடி-10 கோடுகளின் பட்டியலான டேபுலர் லிஸ்ட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. எச் 68.10 முழுமையான கோடு அன்று. ஆறாவது இடத்தில் வலது காதுக்கு 1, இடதுக்கு 2, இரண்டுக்கும் 3, குறிப்பிடாத காதுக்கு 9 என்று சேர்த்தால்தான் அது செல்லும். இதற்கு முந்தைய பதிப்பான ஐசிடி-9 காலத்தில் 381.60 என்று எழுதினால் போதுமாக இருந்தது. 2015 அக்டோபர் 1 முதல் அந்த வசதி இல்லை. செவ்வானம் அவர்களுக்கு ஒன்று: மருத்துவர் அடைப்பு என்று எழுதியிருக்கும்போது, க்ளைம் போக வேண்டும் என்பதற்காகக் கோடர் வேறு நோயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது ஆடிட்டில் நிற்காது.

புதுக்கோடர்:
அவுட்பேஷன்ட்தான், பலூன் இல்லை. அசெஸ்மென்ட்டில் "யூஸ்டேஷியன் குழாய் அடைப்பு, அடினாய்டு பெருக்கம்" (அடினாய்டு என்பது மூக்கின் பின்புறத்தில் உள்ள திசு) என்று மட்டுமே உள்ளது. அன்றே எடுத்த நடுச்செவிச் சோதனையான டிம்பனோமெட்ரியில் (சிபிடி 92567) இடது காது டைப் பி, வலது காது டைப் ஏ (இயல்பு) என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் எழுதியிருக்கிறார். எச் 68.109 கொடுத்து அனுப்பிவிடலாமா?

மலைக்கோட்டை:
வேண்டாம். பக்கத்தை மருத்துவர் எழுதாதபோது, அதே சார்ட்டில் மற்ற க்ளினிஷியன்கள் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 2022 நிதியாண்டின் ஐசிடி-10 வழிகாட்டி விதிகளில், அதாவது 2021 அக்டோபரிலிருந்து, தெளிவாகவே சேர்த்திருக்கிறார்கள். குறிப்பிடாத பக்கத்துக்கான கோடுகளை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் அங்கேயே உள்ளது. ஆகவே எச் 68.102 கொடுங்கள்.

பழைய ஆடிட்டர்:
விதியைப் பாதி படித்தால் இப்படித்தான் ஆகும். பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது, மருத்துவர் சொன்ன அதே நோய் எந்தப் பக்கம் என்று மற்றவர் எழுதியிருந்தால் பொருந்தும். இங்கே ஆடியாலஜிஸ்ட் எழுதியது ஒரு சோதனையின் முடிவு. இடது காதில் டைப் பி என்பதால் இடது குழாயில்தான் அடைப்பு என்பது கோடர் செய்யும் ஊகம்.

மலைக்கோட்டை:
ஒரு காது இயல்பு, மறு காது இயல்பில்லை என்று அதே நாளில் எழுதியிருக்கும்போது அதில் ஊகம் எங்கே வந்தது? ஒவ்வொரு சார்ட்டுக்கும் மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் க்வெரி அனுப்பிக்கொண்டிருந்தால் எந்த மருத்துவர் பதில் சொல்வார்?

செவித்திறன்:
நான் ஆடியாலஜிஸ்ட், கோடர் அல்லேன். இருப்பினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டைப் பி என்பது தட்டையான வரைபடம், அவ்வளவுதான். செவிக்குழியின் கன அளவு இயல்பாக இருந்தால் நடுச்செவியில் நீர் இருக்கலாம்; மிகுந்திருந்தால் செவிப்பறையில் துளை இருக்கலாம்; குறைந்திருந்தால் குறும்பி அடைத்திருக்கலாம். குழாய் சரியாகத் திறக்காமல் நடுச்செவியில் எதிர் அழுத்தம் உண்டாகும்போது பெரும்பாலும் டைப் சி வரும். வலது காதில் டைப் ஏ வந்ததால் அந்தக் குழாய் எப்போதும் நன்றாகவே இருக்கிறது என்றும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சோதனை அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டுகிறது. எங்கள் அறிக்கையை வைத்து மருத்துவர் முடிவெடுப்பதுதான் சரி.

மலைக்கோட்டை:
இந்த விளக்கத்துக்குப் பிறகு க்வெரி அனுப்புவதே நல்லது என்று ஏற்கிறேன். ஆயினும் ஆடியாலஜிஸ்ட் "இடது யூஸ்டேஷியன் குழாய்" என்றே எழுதியிருந்தால் நான் சொன்ன விதி பொருந்தும் என்பதில் மாற்றமில்லை.

பழைய ஆடிட்டர்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. புதுக்கோடர் கவனிக்க வேண்டியது பக்கத்தை மட்டுமன்று. அடினாய்டு அந்தக் குழாயை அழுத்துகிறது என்று மருத்துவர் எழுதினால் அது எச் 68.13 வகைக்குப் போகும். குருத்தெலும்புப் பகுதியில் வெளியிலிருந்து வரும் அடைப்பும் குழாய் அழுந்துதலும் அங்கேதான் உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருப்பதாலேயே ஒன்றால் மற்றொன்று வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். க்வெரியில் "இடதுதானே, அடினாய்டால்தானே" என்று விடையை ஊட்டக் கூடாது. மருத்துவப் பதிவுத் துறையின் அமெரிக்க அமைப்புகளான ஏஹைமாவும் ஏசிடிஸும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி நெறிமுறையே அதைத் தடுக்கிறது. "அடைப்பு வலதா, இடதா, இரண்டிலுமா, காரணம் தெரியுமானால் குறிப்பிடவும், வேறு எதுவும் இருந்தால் எழுதவும், தீர்மானிக்க இயலவில்லை என்றாலும் எழுதலாம்" என்று கேளுங்கள்.

செவ்வானம்:
ஒருவேளை மருத்துவர் "அடைப்பாக இருக்கலாம்" என்று பதில் எழுதினால்?

மலைக்கோட்டை:
அவுட்பேஷன்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்" போன்றவற்றை உறுதியான நோயாகக் கோடு செய்ய முடியாது. அப்போது அறிகுறிக்குத் திரும்ப வேண்டும். இடது காது அடைத்தாற்போன்ற உணர்வு என்று நோட்டில் இருந்தால் எச் 93.8எக்ஸ்2 வரும். அடினாய்டு பெருக்கம் உறுதியாக எழுதப்பட்டிருப்பதால் அதற்கான ஜே 35.2 எப்படியும் நிற்கும்.

புதுக்கோடர்:
சார்ட்டை ஹோல்டில் வைத்து க்வெரி அனுப்பினேன். இடது குழாயின் வாயை அடினாய்டு அழுத்துகிறது என்று மருத்துவர் சார்ட்டில் அடெண்டம் (பின்சேர்க்கை) எழுதிவிட்டார். எச் 68.132, ஜே 35.2 இரண்டும் கொடுத்தேன், எடிட்டைத் தாண்டிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

செவித்திறன்:
மகிழ்ச்சி. செவிக்குழியின் கன அளவை அந்த ஆடியாலஜிஸ்ட்டின் அறிக்கையில் எழுதியிருந்தார்களா என்று முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.