துணைத் தலைவர் ஓ.டி.பி. சொல்ல மறுக்கிறார், என்ன செய்யலாம்?

மூணாவது வார்டு:
தென்காசி மாவட்டம், சின்ன ஊராட்சி. 2021 அக்டோபர் தேர்தலில் முதல்முறையாக வார்டு உறுப்பினர் ஆனேன். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகாது. தெற்குத் தெரு போர் மோட்டார் காயில் கருகிப்போய், கடனுக்குக் கட்டி மாட்டியிருக்கிறோம். மெக்கானிக் தினமும் வீட்டு வாசலில் நிற்கிறார். தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போல ஆளுக்கொரு ஓ.டி.பி. (போனுக்கு வரும் ரகசிய எண்) சொன்னால்தான் பில்லுக்குப் பணம் போகும். துணைத் தலைவர் சொல்ல மாட்டேன் என்கிறார். காரணமும் சொல்வதில்லை. தலைவர் ஊரே ஓட்டுப் போட்டு வந்தவர். இவர் நாங்கள் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர். ஒரே ஆள் மொத்த ஊரையும் நிறுத்தி வைக்க முடியுமா?

நெல்லைவாசி:
இந்த இரட்டைக் கையெழுத்தையே எடுத்துவிட வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர் போதாதா?

பழைய கிளார்க்:
போதாது தம்பி. ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தலைவர் அறுபது தெருவிளக்கு மாற்றியதாகப் பில் கொண்டுவந்தார். துணைத் தலைவர் அம்மா சாயங்காலம் மகனோடு டி.வி.எஸ். 50-இல் கம்பம் கம்பமாகப் போய் எண்ணினார். முப்பத்தெட்டுதான் புதுசு. அந்த இரண்டாவது கையெழுத்து இல்லாவிட்டால் மிச்சப் பணம் போன இடம் தெரிந்திருக்காது.

மூணாவது வார்டுக்கு: 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தில், தலைவரோ துணைத் தலைவரோ இல்லாத நேரத்தில் மன்றம் தீர்மானம் போட்டு ஓர் உறுப்பினருக்குக் கையெழுத்து அதிகாரம் தரலாம். ஆனால் உங்கள் ஆள் ஊரிலேயே இருந்துகொண்டு மறுக்கிறார். அதை 'இல்லாத நேரம்' என்று பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் ஒப்புக்கொள்வது சந்தேகம்.

அதனால் அந்த பில்லை மன்றக் கூட்டத்தில் தனிப் பொருளாக வையுங்கள். மறுத்தால் காரணத்தோடு தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டீக்கடையில் "மாட்டேன்" என்பது சுலபம். நோட்டில் காரணம் எழுதிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

மூணாவது வார்டு:
நன்றி அண்ணாச்சி. கலெக்டருக்கு மனு கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார் தலைவர்.

பழைய கிளார்க்:
முடியும். அவசர அதிகாரத்தை வைத்துச் செக் பவரை, அதாவது பணம் எடுக்கக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, எடுத்து பி.டி.ஓ.விடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் தலைவரும் பியூஸ் போன பல்புக்கு ஒன்றிய ஆபீஸ் படி ஏற வேண்டும். அதோடு, அதே சட்டத்தின் 205-வது பிரிவில் தலைவரையே பதவிநீக்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்கள் கருத்தைக் கேட்பார், முடிவு கலெக்டருடையது. எம்.எல்.ஏ.வை இப்படி ஓர் அதிகாரி அனுப்ப முடியுமா? ஊராட்சித் தலைவர் என்றால் மட்டும் இளக்காரம். எனவே அந்த வாசலைக் கடைசியாகத் தட்டுங்கள்.

அடுத்த கிராம சபை எப்போது? வரவு செலவு வாசிக்கும்போது மோட்டார் பில் நிலுவை என்று நீங்களே எழுந்து கேளுங்கள். கோரத்துக்கு, அதாவது சபை செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, ஆள் சேருங்கள். மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் என்றால் நூறு பேர், ஐந்நூறுக்குள் என்றால் ஐம்பது. தெற்குத் தெருப் பெண்கள் வந்தாலே பாதி கணக்கு முடியும், குடம் தூக்குவது அவர்கள்தானே.

இன்னொன்று. மூன்று விலைப்புள்ளி வாங்கினீர்களா? இல்லையென்றால் துணைத் தலைவர் அதைத்தான் பிடிப்பார், அது நியாயமும்கூட.

மூணாவது வார்டு:
ஒன்றுதான் இருக்கிறது. தலைவரின் மச்சான் கடை.

பழைய கிளார்க்:
சரிதான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!