சொல் வேண்டும்: டிரைவர் அப்டேட், ரோல் பேக் (சனிக்கிழமைக்குள்)

எல்லாருக்கும் வணக்கம். சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்களுக்கான கையேட்ட தமிழாக்கிட்டு இருக்கோம், ஒரு பகுதிலதான் முட்டுது. கிராபிக்ஸ் கார்டுக்கு புது டிரைவர் (கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கிற மென்பொருள்) போட்டு முடிச்சதும் விண்டோஸ் அப்டேட் தானா வந்து பழைய டிரைவர மேல போட்டுடுது, ரெசல்யூஷன் போயிடுது இல்ல ஸ்க்ரீனே கருப்பாயிடுது, டிவைஸ் மேனேஜர்ல போய் ரோல் பேக் பண்ணணும், அதாவது முன்னாடி இருந்த டிரைவருக்கே திரும்பணும். என் வரைவுல "தானியங்கி இயக்கி இற்றைப்படுத்தல்"னு இருக்கு. எது எதை இயக்குதுன்னே புரியல. உதவுங்க.

---

> தானியங்கி இயக்கி

இயக்கி வேண்டாம் தம்பி. மோட்டார், டிரைவ், டிரைவர் எல்லாத்துக்கும் அதையே போட்டுத் தேய்ச்சாச்சு. சிலம்புல மாதரி பால்மடை (பால் படையல்) கொடுக்கப் போறது பூங்கண் இயக்கிக்கு, அது தெய்வத்தோட பேர். ஓட்டுறவனுக்கு நம்மகிட்ட வலவன் இருக்கான், புறநானூறு 27ல "வலவன் ஏவா வானவூர்தி"ன்னே வருது. டிரைவர் வலவன், யாரும் ஏவாம வர்ற அப்டேட் "ஏவாப் புதுக்கம்". வலம், வலவன், வல்லவன்னு வேர் பிடிச்சுப் போனா இன்னும் நிறைய கிடைக்கும், தனி மடல்ல எழுதுறேன்.

---

ஐயா, சொல் அழகு, ஆனா நான் வகுப்பெடுக்கிறவன். லேன் டிரைவர் இல்லாம நெட்டே வராம உக்காந்திருக்கிற பையன் வலவனை எங்க தேடுவான்? அதோட கணினி டிரைவர் எதையும் ஓட்டுறது இல்ல, இயங்குதளம் சொல்றத சாதனத்துக்குப் புரியிற மாதிரி மாத்திச் சொல்ற மென்பொருள் அது. இயக்கின்னு ஏற்கெனவே பழகிடுச்சு, விட்டுடுவோம்.

இற்றைப்படுத்தல்தான் எனக்கு உறுத்துது. "இற்றைத் திங்கள்"ல வர்ற இற்றை, இன்றைங்கிற அர்த்தம்னு நமக்குத் தெரியும், பசங்க இற்றுப்போறதுன்னு படிக்கிறாங்க.

---

இற்றை நல்ல சொல், இருபது பேர் புழங்கினா பழகிடும், இதையே எத்தனை வருஷமா சொல்றது. ஆனா இங்க இற்றையும் பொய், புதுப்பிப்பும் பொய். விண்டோஸ் டிரைவர தேர்ந்தெடுக்கிறப்ப டிரைவரோட டிஜிட்டல் கையொப்பத்தையும் ஹார்ட்வேர் ஐடி (சாதனத்தோட அடையாளக் குறி) எவ்வளவு நெருக்கமா பொருந்துதுங்கிறதையும்தான் முதல்ல பாக்குது, அதுல சமமா வந்தாதான் தேதியும் வெர்ஷனும். அதனாலதான் பழசு ஜெயிக்குது. பழசு வந்து உக்கார்றதப் போய் புதுப்பிப்புன்னு எழுதினா படிக்கிறவர் தன் கார்டுதான் கெட்டுப்போச்சுன்னு நினைப்பார். "இயக்கி தானாக மாறிவிடுதல்"னு நடந்ததையே எழுதுங்க.

---

ஆமா, அது தெளிவா இருக்கு. ரோல் பேக்? பின்னுருட்டல்னு ஒருத்தர் தனியா அனுப்பியிருக்கார்.

---

பின்னுருட்டல் வேண்டவே வேண்டாம். "முந்தைய இயக்கிக்குத் திரும்பு", யாருக்கும் புரியும். முந்தைய டிரைவர் சேமிப்புல இல்லன்னா அந்த பட்டன் மங்கலாத்தான் இருக்கும், புதுசா விண்டோஸ் போட்ட மெஷின்ல இது அடிக்கடி வரும், அதையும் ஒரு வரி சேருங்க. திரும்புறதோட நிறுத்தாதீங்க, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்ல "நோ" வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா மறுபடியும் மாத்திடும்.

---

சரி, இயக்கி, தானாக மாறிவிடுதல், முந்தைய இயக்கிக்குத் திரும்பு. முதல் தடவ வர்ற இடத்துல மட்டும் பக்கத்துல டிரைவர்னும் போட்டுடறேன். நாலு பேர் சரின்னுட்டீங்க, இன்னிக்கே அனுப்பிடறேன்.

---

அனுப்புங்க. ஆனா சொற்பட்டியல்ல வலவனை மாற்றுச்சொல்லா ஒரு ஓரத்துலயாவது வைக்கணும், அதுல நான் மாறமாட்டேன். வேர் பத்தின மடல் நாளைக்கு.