ரைஃபிள் பசங்க வீட்டாளுங்க (தண்டையார்பேட்டை குரூப்)

சனி

தேவி 7:12
(படம்)
செகண்ட்ஸ்ல ஒண்ணு வந்துகீது. வால்தர் எல்ஜி 400, காத்துல சுடற ஏர் ரைஃபிள், அலுமினியம் பாடி. மாமியார் பாத்துட்டு "இன்னாடி இது, கால் ஒடிஞ்சவன் அக்குள்ல வெச்சிக்கிற கட்டை மாதிரி கீது"ன்றாங்க. பொண்ணுக்கு 13 வயசு. வாங்கலாமா?

பாஸ்கர் 7:15
மாமியார் சரியாத்தான் சொல்லிகீறாங்க. ரெண்டும் ஒடம்புக்கு ஏத்தி எறக்குற சாமான்தானே.

மெர்சி 7:16
எங்க தெருவுல இத்த பாத்தா பம்பு செட்டு பைப்புன்னு சொல்லுவாங்க 😄

குமார் 7:18
ஒரு வாட்டி லோட் பண்ணா எத்தினி குண்டு போவும்? படத்துல வர்ற வேட்டை துப்பாக்கி மாதிரி டப்பு டப்புன்னு போவுமா?

பாஸ்கர் 7:20
இல்ல குமாரு. ஒரு வாட்டிக்கு ஒண்ணுதான். லீவரைத் தொறந்து ஒரு பெல்லட் (குட்டி ஈயக் குண்டு) வெச்சி மூடணும், மறுபடி அதே வேலை. மேட்ச்ல 60 குண்டு, ஒண்ணே கால் மணி நேரம். அவசரமே கிடையாது.

மெர்சி 7:22
லைசென்ஸ் வேணுமான்னு அடுத்தது கேப்பீங்க, இப்பவே சொல்லிட்றேன். 2016 ஆயுத விதிப்படி குழாய் உள் அளவு 4.5 மி.மீ.க்கு மேலயோ, குண்டோட சக்தி 20 ஜூலுக்கு மேலயோ போனாத்தான் லைசென்ஸ். இது 4.5தான். அரை கிராம் குண்டு, விநாடிக்கு 170, 175 மீட்டர். கணக்கு போட்டா 8 ஜூல்கிட்ட வரும். பில்லு மட்டும் பத்திரமா வெச்சிக்கோங்க. பசங்க கொக்கு குருவி மேல வெச்சி விளையாடினா அது வேற கேஸு, 1972 வன உயிரினச் சட்டம்.

சலீம் பாய் 7:31
தேவிம்மா, துட்டு குடுக்கறதுக்கு முன்னாடி துப்பாக்கியோட காத்து சிலிண்டர்ல பொறிச்சிருக்கிற மாசம் வருஷத்த படம் எடுத்து போடுங்க. கம்பெனிக்காரன் அதுக்கு குடுக்கிற ஆயுசு 10 வருஷம். தேதி தாண்டினா மேட்ச்ல செக் பண்ற எடத்துலயே ஓரமா நிக்க வெச்சிடுவாங்க. பேரல் நல்லா இருக்கு, ட்ரிக்கர் நல்லா இருக்குன்னு விக்கிறவன் பேசுவான். தேதி பத்தி வாயத் தொறக்க மாட்டான். புது சிலிண்டர் வெலைய அப்டியே கழிச்சி பேசுங்க.

தேவி 7:33
சரி பாய். காத்து நிக்குதான்னு எப்டி பாக்குறது?

சலீம் பாய் 7:38
200 பார் அழுத்தத்துக்கு ரொப்பி ஒரு மணி நேரம் ஆற விடுங்க. அப்புறம் அழுத்தம் காட்டுற கேஜை படம் எடுங்க. 24 மணி நேரம் கழிச்சி அதே எடத்துல வெச்சி மறுபடி ஒரு படம். முள்ளு எறங்கியிருந்தா லீக்கு. சிலிண்டர தனியா கழட்டி வெச்சி ஒரு நாள், துப்பாக்கில மாட்டி ஒரு நாள் பாத்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். தனியா இருக்கும்போதே எறங்கினா சிலிண்டர் வால்வு. மாட்டினா மட்டும் எறங்கினா உள்ள ஓ-ரிங்கு (காத்த அடைக்கிற ரப்பர் வளையம்), இல்லன்னா ஃபயரிங் வால்வு. மூஞ்சிகிட்ட வெச்சி காது குடுத்து கேக்காதீங்க.

குமார் 7:40
காத்து எங்க ரொப்புறது பாய்? நம்ம வெல்டிங் கடையில சிலிண்டர் கீதே, அதுல புடிச்சிக்கலாமா?

சலீம் பாய் 7:41
ஐயோ வேணாம்!! அது ஆக்சிஜன். துப்பாக்கி உள்ள கிரீஸ் இருக்கு. அழுத்தத்துல ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா பத்திக்கும், சிலிண்டரே வெடிக்கும். கடைக்காரன் "ஒண்ணும் ஆவாது நைனா"ன்னு சொன்னாலும் கேக்காதீங்க. மூச்சு விடற காத்துதான் போவணும், கடல்ல முங்குறவங்க முதுகுல மாட்டுற டேங்குல இருக்கே, அது. இல்லன்னா கைப் பம்பு.

சலீம் பாய் 7:47
ரொப்புற மொற: அடாப்டர்ல சிலிண்டர கையால மட்டும் முறுக்குங்க, ஸ்பேனர் போடாதீங்க. டேங்கு வால்வ மயிரிழை தொறங்க. முள்ளு 200க்கு வர ரெண்டு நிமிஷமாவது ஆவணும். வேகமா ரொப்பினா சூடாவும், 200 காட்டும், ஆறினதும் கொறஞ்சி நிக்கும். அப்ப மறுபடி கொஞ்சம் டாப்-அப். வால்வ மூடி, நடுவுல இருக்கிற காத்த வெளிய விட்டுட்டுத்தான் கழட்டணும்.

கைப் பம்புன்னா நம்ம ஊர்ல ஒரு பேஜாரு, ஈரம். கடக்காத்துல இருக்கிற தண்ணியெல்லாம் உள்ள போவும். சிலிக்கா போட்ட ஃபில்டர் வெச்சி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வாட்டி நிறுத்தி தண்ணிய வெளிய விடுங்க. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ், பெட்ரோலிய எண்ணெய் ஆவாது. காலியா வெக்காதீங்க, கொஞ்சம் அழுத்தம் இருந்தாத்தான் சீல் ஒக்காந்திருக்கும்.

மெர்சி 7:49
ஃபிளைட்ல போறப்ப மட்டும் சுத்தமா காலி பண்ணிடணும்.

மோகன் சார் 8:20
எல்லாரும் துப்பாக்கியையே பேசுறீங்க. அது பாக்க கோணல் மாணலா இருக்கிறதே ஒவ்வொரு பாகமும் நகர்றதுக்குத்தான். நகர்த்தாம சுடணும்னா மரக்கட்டை போட்ட பழசே போதும், இவ்வளவு செலவு எதுக்கு?

மோகன் சார் 8:28
பொண்ணுக்கு 13 வயசுன்னா முதல்ல எடைக் கட்டிகளைக் கழட்டிடுங்க. மேட்ச்ல துப்பாக்கி எடைக்கு 5.5 கிலோ உச்ச வரம்புதான், அதை எட்டணும்னு அவசியமே இல்ல. அப்புறம் இந்த வரிசையில போங்க. இடது முழங்கை இடுப்பெலும்பு மேல உக்காரணும். கழுத்து நேரா இருக்கும்போது துப்பாக்கி கண்ணுக்கு வரணும், தலை துப்பாக்கியைத் தேடிப் போகக் கூடாது. தலை குனிஞ்சா முன் கைக்கு அடியில கட்டை வெச்சு உயர்த்துங்க, இல்லன்னா பட் பிளேட்டை (தோள்ல பதியுற தகடு) கீழ இறக்குங்க. அடுத்தது நீளம். கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் (குறி பாக்குற ஓட்டை) நடுவுல மூணு நாலு விரல் இடம் வர்ற மாதிரி. சீக் பீஸ் (கன்னம் வைக்கிற கட்டை) கடைசியில. கண்ணை மூடி கன்னத்தை முழு பாரமா வெச்சு, கண்ணைத் திறந்ததும் வட்டத்துக்குள்ள வட்டம் நடுவுல தெரியணும். தெரியலன்னா கன்னத்தை நகர்த்தாதீங்க, சீக் பீஸை நகர்த்துங்க.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருகு, 2 மி.மீ.க்கு மேல வேணாம். அளவுகோல் நம்பரை நோட்டுல எழுதுங்க. ஒரே நாள்ல நாலு திருகைத் திருகினா எதனால நல்லாச்சு, எதனால கெட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது. பொண்ணு வளர்ற வயசு வேற, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி பாக்கணும்.

தேவி 8:31
சார், முன்னாடி சைட்டுல குறி பாக்குற ரிங்கு 3.4 மி.மீ. போட்டுகீறாங்க.

மோகன் சார் 8:33
சின்னது. ரிங்குக்குள்ள டார்கெட்டோட கறுப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளை தாராளமா தெரியணும். 4.0, 4.2 வாங்கி வைங்க. ரிங் இறுக்கமா இருந்தா கண்ணு சீக்கிரம் களைச்சிடும், கறுப்பு நடுங்குற மாதிரி தெரியும், பிள்ளை ட்ரிக்கரைப் பிடுங்கும்.

பாஸ்கர் 8:40
சார், நம்ம பையன் துப்பாக்கில குரூப்பு (குண்டுங்க விழற கூட்டம்) மேலயும் கீழயும் நீளுது. சைட்ட திருப்பி திருப்பி பாத்தாச்சு.

மோகன் சார் 8:42
சைட்டைத் தொடாதீங்க. அழுத்தம் எவ்வளவு?

பாஸ்கர் 8:43
55 காட்டுது.

மோகன் சார் 8:45
அதான். 70க்குக் கீழ போக விடாதீங்க. ஒவ்வொரு குண்டுக்கும் காத்தை அளந்து விடற ரெகுலேட்டருக்குக் காத்து பத்தலன்னா வேகம் குறையும், குண்டு கீழ இறங்கும். ரொப்பியும் நீண்டா பாடியையும் பேரலையும் பிடிக்கிற திருகு தளர்ந்திருக்கும். அலுமினியத்துல இருக்கிற மரை, முறுக்கித் தள்ளாதீங்க, கையேட்டுல போட்ட அளவு முறுக்கு மட்டும். அப்புறமும் சரியாகலன்னா பெல்லட். 4.49, 4.50, 4.51 மி.மீ. மூணுலயும் ஒவ்வொரு டப்பா வாங்கி, துப்பாக்கியை வைஸ்ல பிடிச்சு பத்து பத்து சுட்டுப் பாருங்க. டார்கெட் நடுவுல 10 பாயின்ட் புள்ளி அரை மி.மீ.தான். ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. பெல்லட்டே ஒரு மி.மீ. சிதறினா 0.4 பாயின்ட் போச்சு, பிள்ளை மேல தப்பே இல்லாம.

பாஸ்கர் 8:47
அப்போ போன வாரம் பையன திட்டினது வேஸ்ட்டா...

மெர்சி 8:48
ஈயம் தொட்ட கையோட வடை திங்க விடாதீங்க யாரும். சோப்பு போட்டு கழுவணும்.

தேவி 8:55
வீட்ல வெச்சி ப்ராக்டிஸ் பண்ணலாமா? மொட்ட மாடி 10 மீட்டர் கீது.

மோகன் சார் 8:57
மாடில பெல்லட் வேணவே வேணாம். பக்கத்து மாடில துணி காயப் போட ஆள் வருவாங்க. ரூம்லயே ட்ரை ஃபயர் பண்ணட்டும், பெல்லட் கிடையாது. ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்துட்டு. 10 மீட்டர்ல டார்கெட்டோட கறுப்பு 30.5 மி.மீ. 5 மீட்டர்ல வைக்க 15.25 மி.மீ. வட்டம் பிரின்ட் எடுங்க. தரையிலேர்ந்து 1.4 மீட்டர் உயரத்துல ஒட்டுங்க. உயரத்தை மறந்தா தப்பான நிலையே பழகிடும்.

சலீம் பாய் 9:04
முடிஞ்சதும் ஸ்பாஞ்சு பொட்டிக்குள்ள பூட்டி வெக்காதீங்கம்மா. நம்ம பக்கம் உப்புக்காத்து, ஸ்பாஞ்சு ஈரத்த புடிச்சி வெச்சிக்கும். வேர்வ பட்ட எடத்த தொடச்சி, பேரல் வெளிய லேசா எண்ணெய். பேரல் உள்ள ஒரு சொட்டு கூட கூடாது, ஃபெல்ட் பெல்லட் (பேரல் தொடைக்கிற கம்பளி உருண்டை) ரெண்டு சேத்து விட்டா போதும்.

தேவி 9:10
(படம்)
சிலிண்டர்ல 03/15ன்னு கீது பாய்.

சலீம் பாய் 9:11
10 வருஷம் தாண்டிடுச்சே. அந்தப் படத்தையே விக்கிறவனுக்கு அனுப்புங்க, வெலை தானா எறங்கும்.

தேவி 9:12
"சிலிண்டர் சும்மா போட்டது, துப்பாக்கிக்குத்தான் வெலை"ன்றான்.

சலீம் பாய் 9:13
அப்ப சிலிண்டர அவனே வெச்சிக்கட்டும், வெலைய கொறைக்கட்டும். சாயங்காலம் நானும் வரேன், ஆலன் கீ செட்டு எடுத்துனு.