[தீர்ந்தது] ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன்: அரை மணி நேரத்துக்கு அப்புறம் நாலு பேருக்கும் ஸ்லோ ஆகிறது

கோட்டைவாசல்:

வணக்கம் நண்பர்களே. கல்லூரி நாட்களில் ஒன்றாக விளையாடிய நாங்கள் நாலு பேர், ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடும் இந்த கேமின் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் வாங்கி மறுபடியும் வாரக் கடைசியில் ஆட ஆரம்பித்திருக்கிறோம். நாலு பேரும் ஒரே அணி, எதிரே கம்ப்யூட்டர் நாலு. மக்கள்தொகை வரம்பு ஆளுக்கு 500.

முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. கடைசிக் கட்டமான இம்பீரியல் ஏஜ் ஏறி, படை பெருகியதும் கதை மாறிவிடுகிறது. மரம் வெட்டுகிற வில்லேஜர் ஓங்கிய கோடாரி இறங்கவே நேரம் பிடிக்கிறது. குதிரைகள் தண்ணீருக்குள் நடப்பது போல நகர்கின்றன. என் திரை மட்டுமல்ல, நாலு பேர் திரையும் ஒரே மாதிரி ஊர்கிறது. நான் ஆட்டத்தை விட்டு வெளியேறினால் மற்ற மூவருக்கும் உடனே சரியாகிவிடுகிறது. ஆக, கோளாறு என் பக்கம்தான் என்பதில் சந்தேகமில்லை. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்டர்நெட் ஃபைபர், வேகம் நன்றாகவே இருக்கிறது. கணினியின் வேகத்தை அளக்க கேமுக்குள் இருக்கும் பெஞ்ச்மார்க் சோதனையிலும், ரேங்க்டு (தரவரிசைப் போட்டி) ஆடத் தேவையான 1000 மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டேன். 1999-ல் வந்த கேமையா இந்த லேப்டாப் தாங்காமல் போகும்? எங்கிருந்து தேடத் தொடங்குவது? யாராவது வழி சொல்லுங்கள்.

தூண்டில்:

நண்பரே, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பாருங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் ஐபி முகவரி அடித்து ஆடியபோது பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ஃபயர்வாலையும் ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

மரக்கலம்:

தூண்டில் அண்ணன் சொல்வது சிடி காலத்துக்குச் சரியான வைத்தியம். அப்போது ஒருவர் கணினி இன்னொருவர் கணினியோடு நேராகப் பேசும். இப்போது கட்டளைகள் சர்வர் வழியாகப் போகின்றன, ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. ஃபயர்வாலை அணைக்கவே வேண்டாம்.

கோட்டைவாசல், நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: நாலு பேருக்கும் ஒன்றாக ஸ்லோ ஆகிறது, நீங்கள் போனதும் சரியாகிறது. இந்த கேம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997-ல் முதல் பாகத்தை உருவாக்கியபோது என்செம்பிள் ஸ்டுடியோஸ் வைத்துக்கொண்ட இலக்கு, 16 எம்பி ரேம் உள்ள பென்டியம் 90 கணினியில், 28.8 மோடத்தில், எட்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்பது. அந்த மோடத்தில் நூற்றுக்கணக்கான படைவீரர்கள் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதையெல்லாம் அனுப்ப முடியவே முடியாது. அதனால் அவர்கள் நிலவரத்தை அனுப்பவில்லை, கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். ‘இந்தப் பத்து வில்லாளிகளும் அந்த இடத்துக்குப் போகட்டும்’ என்று நீங்கள் சொடுக்கினால், அந்த ஒரு வரி மட்டும்தான் மற்றவர்களுக்குப் போகும். அவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள், எந்த அம்பு யார் மேல் படுகிறது என்பதை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். எல்லாக் கணினிகளிலும் விடை ஒன்றாகவே வர வேண்டும். ஒன்றில் இம்மி பிசகினாலும் ‘அவுட் ஆஃப் சிங்க்’ என்று ஆட்டம் நின்றுவிடும்.

இதன் விளைவு என்னவென்றால், நேரம் சின்னச் சின்னத் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு துண்டுக்கான கணக்கை எல்லோரும் முடித்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் அவருக்காக நின்றாக வேண்டும். சுட்டு விளையாடும் கேம்களில் உங்கள் கணினி மந்தமானால் உங்களுக்கு மட்டும்தான் திரை திக்கும், இங்கே அப்படி இல்லை.

டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தபோது படங்கள், ஒலி, மெனு எல்லாம் புதிதாகின. ஆனால் அடியில் கேமை ஓட்டும் மென்பொருள் அதே பழைய ஜீனி என்ஜின்தான். அதை அப்படியே வைத்துக்கொண்டதை நான் மனதார மெச்சுகிறேன். இத்தனை வருடம் கழித்து வந்தவர்களுக்கும் கை பழகிய அதே ஆட்டம் கிடைப்பது அதனால்தான். அதன் மறுபக்கம், கணக்கின் பெரும் சுமை ப்ராசஸரின் ஒரே கோர் மேல் விழுகிறது. நீங்கள் வைத்திருப்பது எட்டு ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 500, அதாவது முழுதாக நிரம்பினால் 4000 யூனிட்டுகள். 1999-ல் உச்ச வரம்பே 200-தான். பழைய கேம் என்பதால் லேசாக இருக்கும் என்று நினைக்க இடமில்லை.

சரி, உடனே செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் நண்பர்களோடு ஆடிய ஆட்டம் தானாகவே பதிவாகியிருக்கும். அதைத் தனியாகத் திறந்து, ஸ்லோ ஆன கட்டத்தைப் பாருங்கள். அந்தப் பதிவு வீடியோ இல்லை, கட்டளைகளின் பட்டியல்தான். திறந்ததும் உங்கள் கணினி முழுப் போரையும் முதலிலிருந்து மறுபடி கணக்குப் போடும், நண்பர்களின் கணினிகளுக்கு அங்கே வேலையே இல்லை. அப்போதும் அதே இடத்தில் ஊர்ந்தால் இன்டர்நெட் மேல் பழி போட முடியாது. அடுத்த அப்டேட் வருவதற்குள் செய்துவிடுங்கள், பதிப்பு மாறினால் பழைய பதிவுகள் திறக்காமல் போகலாம்.

யானைப்படை:

என்ஹான்ஸ்டு கிராஃபிக்ஸ் பேக் போட்டிருக்கிறீர்களா? இலவசம் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். அது 4கே திரைக்கானது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் அதற்கும் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொடுக்க வேண்டும், 8 ஜிபி போதவே போதாது. முதலில் அதைக் கழற்றுங்கள்.

கோட்டைவாசல்:

யானைப்படை, ஆமாம், போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். கேம் திறக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது, ஆனால் அரை மணி நேரப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

மரக்கலம் அண்ணா, பதிவைத் திறந்து பார்த்தேன். வைஃபையை அணைத்துவிட்டே பார்த்தேன். ஆட்டக் கடிகாரம் 35 நிமிடத்தைத் தொடும்போது ஊர ஆரம்பித்தது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. உடனே பதிவை மூடி, வேகத்தைக் கூட்டி, நேரே அதே கட்டத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். அப்போது ஆரம்பத்திலிருந்தே மந்தமாக ஓடியது! படையே இல்லாத முதல் கட்டமான டார்க் ஏஜில் கூட!

மரக்கலம்:

தம்பி, இது அருமையான தகவல். டார்க் ஏஜில் தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று வில்லேஜரும் வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட்டும்தான். அதற்கே திணறுகிறது என்றால் சிக்கல் யூனிட் எண்ணிக்கையில் இல்லை. லேப்டாப் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பெஞ்ச்மார்க்கில் நீங்கள் தேறியதற்கும் இதுதான் காரணம். அது சீக்கிரம் முடிந்துவிடும், லேப்டாப் களைப்பதற்குள் மார்க் வாங்கிவிடலாம்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தேர்ந்தால் ‘ஸ்பீடு’ என்று கிகாஹெர்ட்ஸில் ஒரு எண் ஓடும். கேம் நன்றாக ஓடும்போது எவ்வளவு, ஊரும்போது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கம் சுடுகிறதா என்பதையும் தொட்டுப் பாருங்கள்.

பழைய சிடி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரிஜினல் சிடி இருக்கிறது. விண்டோஸ் 10-ல் போட்டால் புல்வெளி ஊதாவும் சிவப்புமாகத் தெரிகிறது. இதற்கு வழி உண்டா?

யானைப்படை:

பழைய பதிப்பு 256 வண்ணங்களில் ஓடியது. விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் அந்த வண்ணப் பட்டியலில் கைவைப்பதால் நிறம் மாறுகிறது. கேமைத் திறந்த பிறகு டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மூடினால் சரியாகும், ஆடி முடித்ததும் அதே இடத்தில் மறுபடி ஓட விடுங்கள். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில், பழைய கேம்களுக்கான டைரக்ட்பிளேயையும் இயக்க வேண்டியிருக்கும். கான்கரர்ஸ் விரிவாக்கமும் வைத்திருந்தால் ரசிகர்கள் செய்த யூசர்பேட்ச் போடுங்கள், அகலத் திரையிலும் ஆடலாம். மேற்கொண்டு கேட்க வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இங்கே கோட்டைவாசல் கேள்வி ஓடட்டும்.

கோட்டைவாசல்:

பார்த்தேன். நன்றாக ஓடும்போது 3.1, 3.2 என்று நிற்கிறது. ஊர ஆரம்பித்த நொடியில் 0.8-க்கு இறங்கிவிடுகிறது, அப்புறம் ஏறவே இல்லை. அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கிறது, சுடவில்லை. ஃபேனும் அலறவில்லை.

மரக்கலம்:

சூட்டினால் குறைந்தால் எண் இறங்கும், ஆறியதும் ஏறும், மறுபடி இறங்கும். ஃபேன் சத்தமும் கேட்கும். உங்களுக்கு 0.8-லேயே பூட்டியது போல நிற்கிறது. இது மின்சாரப் பற்றாக்குறையின் குணம்.

இரண்டு கேள்வி. சார்ஜர் செருகியபடியே ஆடும்போதும் பேட்டரி சதவீதம் குறைகிறதா? லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் கேட்கிறது, உங்கள் சார்ஜரில் எத்தனை வாட் போட்டிருக்கிறது? வாட் இல்லாமல் வோல்ட், ஆம்பியர் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்.

கோட்டைவாசல்:

அண்ணா, லேப்டாப் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் கேட்கிறது, 65 வாட் ஆகிறது. விற்றவர் கூடவே கொடுத்த சார்ஜரில் 20 வோல்ட், 2.25 ஆம்பியர், 45 வாட்தான்! பேட்டரியும் ஆடும்போது மெதுவாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இத்தனை நாள் பேட்டரி பழசு என்று விட்டுவிட்டேன்.

மரக்கலம்:

அப்போ புரிந்துவிட்டது. சாதாரண வேலைக்கு 45 வாட் போதும். கேம் ஓடும்போது போதாத மிச்சத்தை லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனதும் அங்கிருந்தும் எடுக்காமல் ப்ராசஸரை அடக்கிவிடுகிறது. அந்த நேரமும் உங்கள் படை பெருகும் நேரமும் ஒன்றாக அமைந்ததால்தான் யூனிட் எண்ணிக்கை மேல் சந்தேகம் போயிருக்கிறது.

அந்த மாடலுக்கு உரிய 65 வாட் சார்ஜர் வாங்குங்கள். வாட் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, வோல்ட் மட்டும் பொருந்த வேண்டும். வாங்கும்வரை பேட்டரியை 100 வரை ஏற்றிவிட்டு, வரம்பை 200-க்கு இறக்கி ஆடுங்கள்.

கோட்டைவாசல்:

65 வாட் சார்ஜர் வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேர ஆட்டம், கடைசி வரை 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை. வரம்பை 250 என்று வைத்துக்கொண்டோம். மற்ற மூவரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். தலைப்பில் ‘தீர்ந்தது’ சேர்த்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி, கேட்கலாமா? நேற்று முதல் முறையாக, கேமில் உள்ள நாகரிகங்களில் திராவிடர்களை எடுத்தேன். வில்லேஜரைச் சொடுக்கியதும் அவர் தமிழில் பதில் சொல்கிறார், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆனால் நைட் என்ற கனத்த குதிரைவீரர் கிடையாது என்று பாதி ஆட்டத்தில்தான் தெரிந்தது. எப்படி ஆட வேண்டும்?

யானைப்படை:

வாங்க வாங்க! 2022 ஏப்ரலில் திராவிடர்களைக் கொண்டுவந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் வந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். இதற்கெல்லாம் வேர் ரசிகர்கள் போட்ட உழைப்பு. என்செம்பிள் 2009-ல் மூடப்பட்ட பிறகு இந்த இரண்டாம் பாகத்தை உயிரோடு வைத்திருந்தது அவர்கள்தான். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றுப் பதிப்பு) செய்து கொடுத்த குழுவே அதிகாரபூர்வமாக 2013-ல் விரிவாக்கம் செய்தது, அப்புறம் டெஃபினிட்டிவ் எடிஷனையும் உருவாக்கியது. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெயினே (கதையாகத் தொடரும் ஆட்ட வரிசை) இருக்கிறது, தவற விடாதீர்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். நைட் இல்லாததால் குதிரை வேலையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கிறது, இரண்டாம் கட்டமான ஃபியூடலில் அதை வைத்து உடனே ரேஞ்ச் (வில்லாளிகளைப் பயிற்றும் கூடம்) கட்டுங்கள். அங்கே கிடைக்கும் ஈட்டி எறியும் வீரரான ஸ்கர்மிஷர் வழக்கத்தைவிட வேகமாக எறிவார். காலாட்படைக் கூடமான பேரக்ஸில் ஆராய்ச்சிகள் பாதி விலை, காலாட்படையைச் சீக்கிரம் தேற்றலாம். கடைசியில் வூட்ஸ் ஸ்டீல் என்ற ஆராய்ச்சியை முடித்துவிட்டால் எதிரியின் கவசம் உங்கள் காலாட்படைக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் உள்ள மேப் என்றால் திராவிடர்களுக்கே உரிய திரிசடை போர்க்கப்பல் இருக்கவே இருக்கிறது.

மரக்கலம்:

திரிசடை எடுப்பதற்கு முன் மீன்பிடிப் படகுகளை அதிகம் போடுங்கள் தம்பி. திராவிடர் படகு மற்றவர்களைவிட 15 உணவு கூடுதலாகச் சுமக்கும், துறைமுகத்துக்குப் போய்வரும் நடை குறையும். தண்ணீர் மேப்பில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு அந்தப் பதிவை இங்கே போடுங்கள், எந்த நிமிடத்தில் என்ன செய்திருக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.