அந்தப் பச்சை

பவளமல்லி:

அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கடைசி 18 நாள் ஐசியூவில் இருந்தார். பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள், மீதி நேரமெல்லாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே தொங்கும் திரை தெரியும். துவைத்துத் துவைத்து வெளிறி, ஓரத்தில் நூல் பிரிந்த பச்சை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பையனின் போஸ்டர் கலர் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவள் நான். அப்பா முகத்தை ஆரம்பித்து, மூக்கு கத்திரிக்காய் மாதிரி வந்ததும் நிறுத்திவிட்டேன். பிறகு என்னவோ, அந்தத் திரையின் பச்சையைக் கலக்கிப் பார்க்கத் தோன்றியது. பச்சையில் வெள்ளை விட்டால் பிஸ்தா ஐஸ்கிரீம். கறுப்பு ஒரு சொட்டு விட்டால் குளத்துப் பாசி. கழுவிக் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி. நாலாவது ராத்திரி வெள்ளையில் கொஞ்சம் பச்சை, பிரஷ் நுனியால் தொட்ட அளவு நீலம், அதைவிடக் குறைவாகப் பழுப்பு. வந்துவிட்டது. சார்ட் பேப்பர் முழுக்க அதையே பூசினேன். ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. அப்பாவை எடுக்கும்போதுகூட வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

பச்சை அமைதி, சிவப்பு கோபம், நீலம் சோகம் என்று ஒரு பட்டியல் எங்கே பார்த்தாலும் சுற்றுகிறதே, அதைப் பார்த்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. எங்கள் பாட்டிக்கு வெள்ளை என்றால் சமாதானமா? 31 வயதில் ஊர் அவர் மேல் சுற்றிவிட்ட புடவை அது. உங்களுக்கும் இப்படி ஒரு நிறம் இருக்கிறதா?

கரைக்காற்று:

நாகப்பட்டினம் பக்கம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில், ஒரு கொட்டகையில் பிள்ளைகளை வரைய வைக்கும் வேலைக்குப் போனேன். வீடு வரையுங்கள் என்று சொன்னதே முதல் தப்பு. வீடு போன பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா அது?

ஒரு மீனவர் வீட்டுப் பையன். அவனுடைய கிரையான் பெட்டியில் மற்ற நிறமெல்லாம் குட்டையாகத் தேய்ந்துவிட்டது. நீலம் மட்டும் சுற்றிய தாள்கூடக் கிழியாமல் முழுசாக இருந்தது. கடலைக் கறுப்பில்தான் போட்டான், தாள் ஓட்டை விழும் அளவு அழுத்தி. ஏன் கறுப்பு என்று கேட்கப் போனேன். கூட வந்திருந்த மனநல நர்ஸ் என்னைத் தடுத்து, “படத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் கேளுங்க சார்” என்றார். கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். கடல் வரவே இல்லை, முழுக்க அவர்கள் வீட்டு ஆடுதான். ஜூனில் நான் கிளம்பும்போதும் அந்த நீலம் அப்படியேதான் இருந்தது.

பல வருஷம் கழித்துத்தான் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் பற்றிப் படித்தேன். தெரேசின் நாஜி முகாமில் அடைபட்டிருந்த ஓவியர். அங்கிருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த தாளிலெல்லாம் வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். சுமார் 4,500 படங்கள் இரண்டு சூட்கேஸில் தப்பி, இப்போது பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயரை எழுத வைத்திருக்கிறார் அந்த அம்மா. எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் தாள்கள் எங்கே போயின என்றே தெரியாது.

பென்சில்டப்பா:

மன்னிக்கணும், எனக்கு ஒண்ணும் ஆகல. மனசு லேசாகும்னு சொல்லி வட்ட டிசைனுக்குள்ள கலர் அடிக்கிற மண்டலா புக்கும் 24 கலர் பென்சிலும் வாங்கினேன். கோட்டைத் தாண்டிடுமோன்னு புதுசா ஒரு டென்ஷன், கழுத்து வலி வேற. மார்கழியில அம்மாவுக்குக் கோலத்துக்கு உப்புல கலர் கலந்து குடுக்கறது மட்டும் பிடிக்கும். விரலிடுக்குல ரோஸ் ரெண்டு நாள் போகாது.

ஆறுமாசம்:

எனக்கு ஆரஞ்சு. டிபிக்கு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். ரிஃபாம்பிசின் சாப்பிட்டவங்களுக்குப் புரியும்: முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாப் போனதும் ரத்தம்னு நினைச்சு அலறிட்டேன். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். காலண்டர்ல தினம் ஒரு கட்டத்துக்கு ஸ்கெட்ச்ல கலர் அடிக்க ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு மாசம் முழுக்க ஆரஞ்சு. அப்புறம் ஒரு நாள் கட்டம் முழுக்க வெளிர் மஞ்சள், ஜன்னலுக்கு வெளியே முருங்கை பூத்திருந்தது. சந்தோஷம்னு சொல்ல முடியாது, வெளியே பார்த்திருக்கேன், அவ்வளவுதான்.

வரையறதையே மனசுக்குச் சிகிச்சையாப் பயன்படுத்தறதுக்கு ஆர்ட் தெரபிங்கிற பெயரை 1942ல் வைத்த ஏட்ரியன் ஹில்லும் நம்ம நோய்க்காரர்தான். இங்கிலாந்து ஓவியர். 1938ல் காசநோய் சானடோரியத்தில் இருந்தப்போ படுக்கையிலிருந்தே வரைய ஆரம்பிச்சு, பிறகு மத்த நோயாளிகளையும் வரைய வைத்தார்.

பவளமல்லி:

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தூக்கத்துக்கு டாக்டரிடம் போய் நாலு மாசம் மாத்திரையும் எடுத்தேன். பச்சை பூசியே சரியாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கரைக்காற்று சார், அந்த ஆடு கிடைத்ததா?

கரைக்காற்று:

கிடைக்கலம்மா. படத்துல கட்டிப் போட்டிருந்தான். பழுப்பு, ஒரு காது மட்டும் தாளோட வெள்ளை.