ஓவர்பிரிண்ட்: ‘மேலச்சு’ பொருந்துமா?

வணக்கம்.

பழைய ராணுவ நிலவரைபடங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும்போது ‘ஓவர்பிரிண்ட்’ என்ற சொல்லில்தான் எப்போதும் இடறுகிறோம். ஏற்கெனவே அச்சாகிவிட்ட தாளை மறுபடி எந்திரத்தில் ஏற்றி, எதிரியின் அரண்கள், முள்வேலி, கண்ணிவெடி, கட்டவலை (இடத்தைக் குறிக்க உதவும் சதுரக் கோடுகள்) போன்றவற்றைத் தனித் தகட்டால், பெரும்பாலும் ஒரே நிறத்தில், அடிப்பதுதான் இது. இதற்கு ‘மேலச்சு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கீழே இருக்கும் வரைபடம் ‘அடித்தாள்’. வினையாக ‘மேலச்சிடு’, ‘மேலச்சிட்ட தாள்’ என்று எழுதலாம்.

‘மேற்பதிப்பு’ வேண்டாம். ‘பதிப்பு’ என்றதும் தாளின் ஓரத்தில் உள்ள பதிப்பு எண் நினைவுக்கு வரும். அடித்தாளின் பதிப்பு மாறாமலே மேலச்சு மட்டும் பலமுறை மாறியிருக்கலாம். ‘மிகையச்சு’ என்றால் தேவைக்கு மேல் அடித்த படிகள் என்று தோன்றும். நிறத்தை வைத்துச் ‘செவ்வச்சு’ எனலாம் என்று முன்பு ஒரு யோசனை வந்தது. முதல் உலகப் போர்த் தாள்களிலேயே அது உடைந்துபோகும். 1918 தொடக்கம் வரை பிரிட்டிஷ் வரைபடங்களில் ஜெர்மன் அகழிகள் சிவப்பு, பிரிட்டிஷ் அகழிகள் நீலம். பிறகு பிரெஞ்சு வழக்கத்தோடு ஒத்துப்போக இரண்டையும் இடம் மாற்றினார்கள். தேதியைப் பார்க்காமல் நிறத்தை நம்பினால் யாருடைய அகழி என்பதே தலைகீழாகிவிடும்.

———

> இதற்கு ‘மேலச்சு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகள் மட்டும். வரைபடத் துறையில் ‘அச்சு’ என்பது ஆக்ஸிஸையும் குறிக்கும். ‘மேலச்சின் விலகல்’ என்று எழுதினால் கட்டவலையின் மேல் அச்சு என்று படிப்பவர்கள் உண்டு. இன்னொன்று, எல்லா வண்ணங்களோடும் ஒரே வேலையாக அகழித் தகட்டையும் சேர்த்து அச்சிட்ட தாள்கள் இருக்கின்றன. அவற்றையும் மேலச்சு என்பீர்களா? கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது?

———

முதல் தடை நியாயமானது. குழப்பம் வரும் இடத்தில் ‘மேலச்சுப் படலம்’ என்று எழுதிவிடலாம், ஆக்ஸிஸ் என்ற பொருள் ஒட்டாது.

இரண்டாவதற்கு 10 மடங்கு லூப்பும் (கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கி) 0.1 மி.மீ. கோடிட்ட அளவுகோலும் போதும். தாளின் நான்கு மூலைகளிலும் மேலச்சு அடித்தாளிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நான்கிலும் ஒரே திசையில் ஒரே அளவு என்றால் தாளையோ தகட்டையோ சற்றுத் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் சரியாகப் பொருந்தி வலது ஓரத்தில் அரை மி.மீ. விலகினால், இரண்டு அச்சுகளுக்கும் இடையில் தாள் ஈரம் குடித்து நீண்டிருக்கிறது. காகிதம் நார் ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். அதனால்தான் விலகல் ஒரு பக்கமாக வளர்கிறது. 1:25,000 அளவையில் அந்த அரை மி.மீ. தரையில் 12.5 மீட்டர்.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒற்றை நிற எந்திரத்தில் அடித்தாளின் கறுப்பும் நீலமும் பழுப்பும் கூடத் தனித்தனி ஓட்டங்கள்தான். ஆகவே முதலில் அந்த நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அவை பொருந்தி, மேலச்சின் நிறம் (ஊதா என்று வைத்துக்கொள்வோம்) மட்டும் விலகினால் பின்னாளில் மேலச்சிட்டது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கோடுகள் வெட்டும் இடத்தில் எது மேலே என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முயல வேண்டாம். கறுப்பின் மேல் ஊதா விழுந்தாலும் கறுப்பாகவே தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து மையின் பளபளப்பைப் பாருங்கள்.

கையால் வரைந்ததை மேலச்சு என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பேனா மை நார்களுக்குள் கசியும், கோட்டின் தடிமன் சீராக இராது, பின்புறம் முனையின் அழுத்தம் தெரியும். அதற்குக் ‘கைக்குறிப்பு’ என்பதே சரி. அத்தகைய தாளில் நீர் படவே கூடாது, அந்த மை கரைந்து ஓடக்கூடும். இக்கால இங்க்ஜெட் நகல் லூப்பில் உடனே மாட்டிக்கொள்ளும். மெல்லிய கோடுகூடப் பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். அசலில் கோடு ஒரே மையில் முழுமையாக இருக்கும், புள்ளித்திரை (சாயலைக் காட்டும் ஒழுங்கான புள்ளி வரிசை) நிறத்தளங்களில் மட்டுமே வரும்.

ஒரே வேலையாக அச்சானதை என் கருத்தில் ‘போர்த்தகவல் படலம்’ என்று பொதுவாகக் குறிக்கலாம். பின்னர் ஏற்றியது உறுதியானால் மட்டும் ‘மேலச்சு’. விவரக்குறிப்பில் இரண்டு தேதிகளும் தனித்தனியே வர வேண்டும்:

அடித்தாள்: தொடர் எண், தாள் எண், பதிப்பு, அச்சான ஆண்டு.
மேலச்சு: நிறம், பொருள், ‘தகவல் நிலவரத் தேதி’.

கடைசியாகச் சொன்னது அச்சிட்ட நாள் அல்ல. அகழி வரைபடங்களின் ஓரத்தில் ‘இந்த நாள் வரை திருத்தப்பட்டது’ என்று இருக்கும். அதையே எடுத்தெழுத வேண்டும்.

———

இப்போது ஒப்புக்கொள்கிறேன். கூடவே ‘பின்னச்சு’ என்பதையும் சேர்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் கைப்பற்றிய ஜெர்மன் வரைபடங்களின் வெற்றுப் பின்புறத்தில் நேச நாட்டுப் படைகள் தம் வரைபடங்களை அச்சிட்டன. அவற்றையும் மேலச்சு என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. பின்னச்சுத் தாளுக்கு இரு பக்கத்துக்கும் தனித்தனி விவரக்குறிப்பு வேண்டும்.